மாசியில் நட்ட செடி

குழு: காவிரி நகர் வடக்குத் தெரு

வைகாசி, ஞாயிற்றுக்கிழமை

டீச்சர் அக்கா: காலை நடைக்குப் போய்விட்டு பைபாஸ் பாலத்தடி வழியாகத் திரும்பினேன். பாலம் சுற்றி இறங்குகிற வளையத்துக்குள் செடி நட்டார்களே, அதை எண்ணிப் பார்த்தேன். 64 குழி. பச்சையாக நிற்பது 9. அதிலும் ஐந்து எருக்கு, தானாக முளைத்தது.

டீக்கடை முருகையன்: எருக்கையும் விட்டுவிடாதீர்கள் டீச்சர். பில்லில் அதுவும் ஏறியிருக்கும்.

கோமதி அத்தை: பாலம் திறந்து மூன்று வருஷம் ஆகிறது. திறப்பு விழா பேனரில் புல்வெளி, நீரூற்று, பலூன் பிடித்த பிள்ளைகள் எல்லாம் போட்டிருந்தது. நாலு பக்கமும் லாரி ஓடுகிற இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எந்த வழியாகப் போவது என்று அப்போதே கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

குமார் சிங்கப்பூர்: அங்கே பார்க் வந்துவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! போன பொங்கலுக்கு வந்தபோது வேலி எல்லாம் போட்டிருந்தார்களே.

டீக்கடை முருகையன்: வேலி இருக்கிறது தம்பி. செடிக்கு வைத்த இரும்புக் கூண்டில் ஒன்று என் கடைக்குப் பின்னால் இருக்கிறது. கோழிக்குஞ்சு அடைக்கத் தோதாக இருந்தது. சும்மா சாய்ந்து கிடந்ததைத்தான் எடுத்தேன்.

டீச்சர் அக்கா: முருகையன்!

டீக்கடை முருகையன்: செடி வந்தால் திருப்பி வைத்துவிடுகிறேன் டீச்சர்.

நர்சரி செல்வம்: அக்கா, அதை நட்டது மாசி கடைசியில். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் லாரியில் வந்து இறங்கியது, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் 64 குழியும் மூடியாகிவிட்டது. இப்போது போய் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். படம் போடுகிறேன்.

நர்சரி செல்வம்: (படம்)

நர்சரி செல்வம்: பாருங்கள், கறுப்புப் பையைக் கிழிக்காமலே நட்டிருக்கிறார்கள். வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சும்மாடு மாதிரி சுருண்டு கிடக்கிறது. சுற்றிலும் இருப்பது பாலத்துக்குக் கொட்டிய கிராவல், அதன் மேல் ரோலர் ஓடியிருக்கிறது. கடப்பாரை போட்டாலே பொறி பறக்கும். வண்டல் மண் ஒரு கூடை போட்டதாகத் தெரியவில்லை.

கோமதி அத்தை: இதற்கு யாரிடம் போய்ச் சொல்வது? போன மாதம் நகர அலுவலகத்தில் கேட்டேன், அது எங்கள் இடம் இல்லை அம்மா என்றார்கள். சாலை அலுவலகத்துக்குப் போன் பண்ணினால், நாங்கள் ஒப்படைத்துவிட்டோம் என்கிறார்கள்.

ஓவர்சியர் மாமா: (குரல் பதிவு, 6 நிமிடம்)

குமார் சிங்கப்பூர்: மாமா, ரயிலில் இருக்கிறேன். எழுதிப் போடுங்களேன்.

ஓவர்சியர் மாமா: சரி. கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் டீச்சர் திருத்தட்டும்.
பாலம், மேலே ஓடும் ரோடு, இரண்டு பக்கச் சரிவு, எல்லைக்கல் வரைக்கும் உள்ள மண், இவ்வளவும் சாலை அலுவலகம். கீழே உள்ள சர்வீஸ் ரோடு, வேலை முடிந்ததும் நகர அலுவலகத்துக்குப் போக வேண்டியது. விளக்குக் கம்பத்தை நட்டது சாலை அலுவலகம், கரண்டுக்குப் பணம் கட்டுவது நகரம். குறுக்கே போகிற வாய்க்கால் பாசனத்துக்காரர்களுடையது. மேலே போகிற கம்பி மின்சாரத்துக்காரர்களுடையது. நம் வளையம் இது எல்லாவற்றுக்கும் நடுவில் கிடக்கிறது. செடி வைப்பது ஒருவர், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வாங்கி வளர்ப்பது இன்னொருவர். வாங்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவரைக்கும் அது யாருடைய செடியும் இல்லை.

டீச்சர் அக்கா: விளக்கு எட்டு மாதம் எரியாமல் கிடந்ததும் இதே கதைதானா?

ஓவர்சியர் மாமா: அதேதான். மீட்டர் யார் பெயரில் என்பதில் நின்றது. கம்பம், பல்பு, ஒயர் எல்லாம் தயார்.

குமார் சிங்கப்பூர்: அது சரி மாமா, பாலம் முடிந்து மூன்று வருஷம் கழித்தா செடி?

ஓவர்சியர் மாமா: ரோட்டு வேலையில் செடிதான் எப்போதும் கடைசிப் பந்தி. மண் அணைக்க வேண்டும், தடுப்புச் சுவர், மின்கம்பம் நகர்த்துவது, வடிகால், விளக்கு, வெள்ளைக்கோடு. இதில் எது இழுத்தாலும் அந்தச் சுமை செடியின் தலையில்தான். இங்கே கம்பம் நகர்த்துவதில் ஒரு வருஷம் போயிற்று. அப்புறம் வாய்க்காலுக்கு மேல் குழாய்ப் பாலம் போட அனுமதி. ஐப்பசியில் நட வேண்டியது அப்படியே தள்ளித் தள்ளி மாசிக்கு வந்துவிடும். மார்ச் 31-க்குள் பில் போடாவிட்டால் அந்த வருஷப் பணம் திரும்பிப் போய்விடும். ஆகையால் மாசியில் நடுவார்கள். நானும் என் காலத்தில் நட்டிருக்கிறேன், மறைப்பானேன்.

நர்சரி செல்வம்: அங்கேதான் இடிக்கிறது மாமா. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது. சில வருஷம் முன்னே பின்னே ஆகும். மாசியில் நட்டால் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பத்தடி தள்ளி வாய்க்கால் ஓடுகிற இடத்தில், அது காய்ந்து கிடக்கிற நாலரை மாதத்தையா பார்த்து நடுவது? சம்பா நாற்று விடுகிற எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

டீக்கடை முருகையன்: டேங்கர் வந்தது தம்பி. கொஞ்ச நாள் வந்தது. அந்த டிரைவர் எனக்கு 140 ரூபாய் பாக்கி.

கோமதி அத்தை: நாமே நாலு பேர் சேர்ந்து நட்டுவிட்டால் என்ன? ஆளுக்கு இரண்டு குடம் ஊற்றினால் போயிற்று.

குமார் சிங்கப்பூர்: நான் 200 வெள்ளி அனுப்புகிறேன் அத்தை. செல்வத்திடம் நல்ல கன்றாக எடுங்கள்.

ஓவர்சியர் மாமா: அவசரப்படாதீர்கள். வளைவின் உள்பக்கம் மரம் வைக்கக் கூடாது. வளர்ந்தால், இறங்குகிற வண்டிக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. அங்கே முட்டி உயரப் புதர் மட்டும்தான். ரோடு போடுவதற்கு விதிமுறை வகுக்கிற அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் இதற்கென்றே தனிக் கையேடு போட்டிருக்கிறது, எஸ்.பி. 21 என்பார்கள். நாம் வைத்த மரத்தால் ஒரு பைக்காரன் விழுந்தான் என்றால், அப்போது மட்டும் எல்லா அலுவலகத்துக்கும் அது யார் மரம் என்று தெரிந்துவிடும்.

கோமதி அத்தை: புதர் என்றால் அரளிதானே? விஷம்.

நர்சரி செல்வம்: அதனால்தான் அத்தை ரோட்டு நடுவில் அதை வைப்பது. ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் குறைவாக இருந்தாலும் தாங்கும், எதிர்வண்டி வெளிச்சத்தையும் மறைக்கும். இவர்கள் வைத்தது அரளி இல்லை. பிங்க் பூ பூக்கிற வெளிநாட்டு மரம், படத்தில் நன்றாக இருக்கும். வளையம் கிண்ணம் மாதிரி பள்ளம். ஐப்பசி அடைமழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அந்த மரத்துக்கு ஈரக்கால் ஆகாது. வெயிலில் தப்பியது மழையில் அழுகும். பள்ளத்துக்கு நீர்மருது, பூவரசு. சரிவுக்கு வெட்டிவேர், மண்ணையும் பிடிக்கும்.

கோமதி அத்தை: எல்லை ஓரம் பனங்கொட்டை போடலாமே. கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது, பனை நின்றது. தண்ணீரும் கேட்காது.

ஓவர்சியர் மாமா: அக்கா சொல்வது நல்ல யோசனை. வெளி எல்லையில் என்றால் பார்வைக்கும் தடை இல்லை. ஆனால் முதலில் காகிதம். மத்திய அரசு 2015-லேயே பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை கொண்டுவந்து, திட்டச் செலவில் ஒரு சதவீதம் மரத்துக்கு என்று வைத்தது. பணம் இல்லாமல் எந்தச் செடியும் சாவதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

டீச்சர் அக்கா: தகவல் உரிமையில் கேட்கலாமா? எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதிலேயே தகராறு இருக்கிறதே.

ஓவர்சியர் மாமா: அதற்குத்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் பிரிவு 6(3) இருக்கிறது. 2005 சட்டம். தவறான அலுவலகத்துக்குப் போனாலும், உரிய இடத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்பி, நமக்கும் சொல்ல வேண்டும். ‘எங்கள் இடம் இல்லை’ என்று வாயால் சொல்லிவிடலாம், இதில் எழுதித்தான் ஆக வேண்டும். மாநில அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டினால் போதும். மத்திய அலுவலகமாக இருந்தால் போஸ்டல் ஆர்டர்.

டீச்சர் அக்கா: எழுதிவிட்டேன் மாமா. ‘செடிகள் ஏன் காய்ந்தன? ஏன் தாமதம்? யார் பொறுப்பு?’

ஓவர்சியர் மாமா: பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கிறது டீச்சர். ஏன், எதற்கு என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நகல் கேளுங்கள். இப்படி எழுதுங்கள்: ஒன்று, செடி வேலைக்கான அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல், அதாவது செய்த வேலையை அளந்து எழுதி வைக்கிற புத்தகம். இரண்டு, பராமரிப்பை ஒப்படைத்த கடிதத்தின் நகல், பெற்றவர் கையெழுத்துடன். மூன்று, தண்ணீர் லாரிப் பதிவேடு. நான்கு, வேலையை நேரில் பார்வையிட அனுமதி. சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

டீக்கடை முருகையன்: மாமா, கிணற்றில் போட்ட கல் ஆகிவிடாதே?

ஓவர்சியர் மாமா: 30 நாள் பார்ப்போம். கல்லாகவே இருந்தாலும் 10 ரூபாய்க் கல்தானே.

ஆடி, வெள்ளிக்கிழமை

டீச்சர் அக்கா: இரண்டு பதில் வந்துவிட்டது! ஒன்று 29-வது நாள். சாலை அலுவலகம்: ‘பராமரிப்பு உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டது, கடித நகல் இணைக்கப்பட்டுள்ளது.’ நம் மனுவின் இரண்டாவது கேள்வியை மட்டும் நகர அலுவலகத்துக்கும் மாற்றியிருக்கிறார்கள். நகர அலுவலகம்: ‘அவ்வாறு எந்தக் கடிதமும் இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை.’ யாரோ ஒருவர் பொய்.

கோமதி அத்தை: இரண்டு பேருமே நிஜம் மாதிரி எழுதியிருக்கிறார்களே!

ஓவர்சியர் மாமா: அந்த ஒப்படைப்புக் கடிதத்தை மட்டும் தனியாகப் படம் எடுத்துப் போடுங்கள். நேராக வைத்து எடுங்கள்.

டீச்சர் அக்கா: (படம்)

ஓவர்சியர் மாமா: இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை டீச்சர். மேலே பாருங்கள், ‘நாள்’ என்று இருக்கிறது, தேதி நிரப்பவில்லை. எண் போட வேண்டிய இடத்தில் சாய்கோடு மட்டும் இருக்கிறது. அனுப்புகைப் பிரிவு முத்திரை எங்கேயும் இல்லை. இது தட்டச்சு ஆகி, கையெழுத்தாகி, கோப்பிலேயே தங்கிவிட்ட கடிதம். யாரோ மாற்றலாகிப் போயிருப்பார்கள். கோப்பைத் திறந்தவருக்கு ஒப்படைத்த மாதிரியே தெரியும். அங்கே ஒப்பந்தக்காரரை விட்டுவிட்டார்கள், இங்கே யாரும் ஏற்கவில்லை.

நர்சரி செல்வம்: ஒரு தபால்தலையில் 60 செடி போயிற்று.

குமார் சிங்கப்பூர்: லாரிப் பதிவேடு வந்ததா?

டீச்சர் அக்கா: வந்தது. மூன்று பக்கம். வாரம் இரண்டு முறை, செவ்வாய், சனி. மே 31 வரை தண்ணீர் ஊற்றியதாக இருக்கிறது. ஒரு நாள்கூட விடவில்லை. கையெழுத்துகூட ஒரே மை.

நர்சரி செல்வம்: மே மாதம் ஊற்றினார்களா? நான் தினமும் அந்த வழியாகத்தான் வண்டி ஓட்டுகிறேன். ஈரமே பார்த்ததில்லை. ஆனால் நான் பார்க்கவில்லை என்பது சாட்சி ஆகாதே.

டீக்கடை முருகையன்: தம்பி, என் கடன் நோட்டு இருக்கிறது.

ஓவர்சியர் மாமா: என்ன நோட்டு?

டீக்கடை முருகையன்: டேங்கர் டிரைவர் பாக்கி என்று சொன்னேனே. அவர் வருகிற அன்றைக்கெல்லாம் ஒரு டீ, ஒரு வடை. தேதி போட்டு எழுதியிருக்கிறேன். செவ்வாய், சனிதான், அது சரியாகவே இருக்கிறது. கடைசி வரி ஏப்ரல் 4. அதற்கப்புறம் ஆள் வரவே இல்லை. வந்திருந்தால் பாக்கி கேட்டிருக்க மாட்டேனா?

டீச்சர் அக்கா: முருகையன், அந்த நோட்டை அப்படியே பத்திரமாக வையுங்கள். எண்ணெய் பட்டுவிடாமல்.

டீக்கடை முருகையன்: பட்டது பட்டதுதான் டீச்சர். தேதி தெரிகிறது.

ஓவர்சியர் மாமா: முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது. நோட்டுப் பக்கம் ஜெராக்ஸ் வைத்து, பதிவேடு சரியில்லை என்று எழுதுவோம். கூடவே கலெக்டர் மனுநாளில் ஒன்று. அந்தக் கடிதத்துக்குத் தேதியும் எண்ணும் போட்டு இந்த மாதமே அனுப்பச் சொல்வது, ஐப்பசி பிறப்பதற்குள் குழியில் வண்டல் போடச் சொல்வது. இரண்டே கோரிக்கை. மூன்றாவது எழுதினால் இரண்டையும் விட்டுவிடுவார்கள்.

கோமதி அத்தை: நான் பனங்கொட்டை சேர்க்க ஆரம்பிக்கிறேன். வெளி ஓரத்துக்கு மட்டும். மாமா, உங்கள் எல்லைக்கல் எது என்று வந்து காட்டுங்கள்.

ஓவர்சியர் மாமா: நாளைக் காலை ஆறு மணி. டார்ச்சு கொண்டு வா செல்வம், கல் புதருக்குள் இருக்கும். மண்வெட்டியும்.

டீக்கடை முருகையன்: மாமா, அந்த மேல்முறையீட்டில் என் 140 ரூபாயையும் ஒரு வரி சேர்க்க முடியுமா?