தலைவர்களை நேரில் பார்ப்பது போல எழுதும் வரலாற்று நூல்கள்: ரசிக்கலாமா?

புத்தகப்பூச்சி: பல வருஷமாக லிங்கன் எனக்கு ஒரு படம், நாலு தேதி, அவ்வளவுதான். போன வாரம் ஒரு வாழ்க்கை வரலாற்றில் 1863 ஜூலை 14க்கு வந்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கிறது. கெட்டிஸ்பர்க்கில் வென்ற லிங்கன் தரப்புத் தளபதி மீட், தோற்ற தென் மாநிலத் தளபதி லீயின் படையை மடக்கிப் பிடிக்கவில்லை. அது ஆற்றைக் கடந்து தப்பிவிட்டது. லிங்கன் மீடுக்குக் கடிதம் எழுதுகிறார். தொடக்கத்தில் 'மிக, மிக நன்றி'. எழுத எழுத ஆற்றாமை பொங்குகிறது: பொன்னான வாய்ப்பு போய்விட்டது, அளவில்லாத வேதனை என்கிறார். அப்புறம் அதை அனுப்பவே இல்லை. உறைமேல் 'அனுப்பவில்லை, கையெழுத்திடவில்லை' என்று குறித்து வைத்துவிட்டார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சான்றுதேடி: அந்தக் கடிதம் நிஜம். என்னை உறுத்துவது இப்படிப்பட்ட காகிதங்களைச் சுற்றிப் பூசும் பூச்சு. 'ஜன்னலருகே நின்று பெருமூச்சு விட்டார்' என்கிறார்களே, யார் பார்த்தது? சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்ன கதை, வாஷிங்டன் இறந்து 7 வருஷம் கழித்து, அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வீம்ஸ் தன் நூலின் 1806 பதிப்பில் நுழைத்தது. ஆதாரம் கிடையாது. எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அதை நம்பிப் படித்தார்கள்!

புத்தகப்பூச்சி: பெருமூச்சை நானும் கேட்கவில்லை. ஆனால் மழையில் பெருகிய பொடோமாக் ஆறு, கடக்க வழியின்றிக் கரையில் நாள்கணக்கில் சிக்கிக் கிடந்த படை, இதையெல்லாம் முன்னால் வைத்தால்தான் அந்தக் கோபம் புரியும். கடிதத்தை மட்டும் கொடுத்தால் ஏதோ அலுவலகக் கண்டிப்பு போலத்தான் இருக்கும்.

இரவல்வாசகர்: நான் முதலில் கடைசிப் பக்கக் குறிப்புகளைத்தான் புரட்டுவேன். அங்கே நாள், கடிதம், நாட்குறிப்பு என்று இருந்தால் நம்பி உள்ளே போவேன்.

சான்றுதேடி: சரி, எதை எங்கே வைப்பது என்பது எழுதுகிறவரின் திறமை, ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. ஒருவரோடு 600 பக்கம் வாழ்ந்தால் அவர்மேல் பாசம் வந்துவிடும். அவர் செய்ததற்கெல்லாம் நாமே சமாதானம் தேடுவோம். 1862இல் அமெரிக்க அரசோடு நடந்த போருக்குப் பின் டகோடா பழங்குடியினர் 303 பேருக்கு ராணுவ விசாரணைக் குழு மரண தண்டனை விதித்தது. சில விசாரணைகள் ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை. லிங்கன் ஆவணங்களை வரவழைத்துப் பார்த்து, தூக்கிலிட வேண்டிய 39 பெயர்களைத் தன் கையாலேயே உத்தரவில் எழுதினார். அதில் ஒருவரின் தண்டனை பிறகு நிறுத்தப்பட்டது. டிசம்பர் 26 அன்று 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். உங்கள் புத்தகத்தில் இது எத்தனை பக்கம்?

புத்தகப்பூச்சி: இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஒன்றரைப் பத்தி. 303 இருக்கிறது, 38 இருக்கிறது, கையால் எழுதிய பட்டியல் இல்லை. இருந்திருக்க வேண்டும். மீடுக்கு எழுதிய அதே கை. மற்ற 264 பேரைத் தூக்கிலிருந்து விலக்கியதும் அதே உத்தரவுதான். ஒவ்வொரு பெயராக எழுதும்போது அவர் மனதில் என்ன ஓடியது என்று யாரும் எனக்குக் கற்பனை செய்து தர வேண்டாம். அந்தத் தாளை, அதிலிருக்கும் பெயர்களோடு, முழுசாகக் காட்டியிருக்கலாம்.