புதுப்பிப்பு: விண்கப்பல் பதிவும் கப்டனின் அனுமதிப்பத்திரமும்

ஹட்டனில் நண்பர்களோடு ஆடும் விண்வெளிக் கதை விளையாட்டில், கப்பலின் பதிவும் கப்டனின் அனுமதிப்பத்திரமும் ஒரே ஆவணமாக இருக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன், பதிலளித்தோருக்கு நன்றி. கடல்சார் நடைமுறையைப் போல இரண்டையும் பிரிக்கச் சொன்ன யோசனையே கைகொடுத்தது: அனுமதிப்பத்திரமான தகைமைச் சான்றிதழ் ஆளுக்குரியது, பதிவு கப்பலுக்குரியது என்றானதும், கப்டன் மாறும்போதெல்லாம் பதிவுப் பத்திரத்தைத் திருத்தும் தொல்லை ஒழிந்தது. இரு அரசுகள் கூட்டாக ஏவிய கப்பலைப் பதிவது யார் என்பதை அவையே தமக்குள் தீர்மானிக்கட்டும் என்ற, 1975ஆம் ஆண்டு விண்பொருள் பதிவு உடன்படிக்கையின் விதியை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

எதிர்பாராத சிக்கல் கப்டனின் அனுமதிப்பத்திர விண்ணப்பத்தில், பிரசாவுரிமையை (குடியுரிமையை) நிரப்பும் கட்டத்தில் வந்தது. 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை, கப்பலில் உள்ளோர் மீதான அதிகாரத்தைப் பதிவு செய்த அரசுக்குத் தருகிறதே தவிர, கப்பலிலேயே பிறந்த கப்டன் எந்நாட்டவர் என்று சொல்வதில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரின் பேரப்பிள்ளைகள் கூடிய மேசை அல்லவா, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட ஒருவரும் இணங்கவில்லை. பதிவு செய்த அரசின் பிரசை என்றே நிரப்பினோம்.