லிங்க் எல்லாம் நீலம், தொட்டால் ஊதா: வேர்டில் ஒரே இடத்தில் மாற்ற முடியுமா?

செம்பனை (சுங்கை சிப்புட்)

வணக்கம். தோட்டத்துக் கோயில் திருவிழா மலர், 44 பக்கம், வேர்ட் 2019. எழுத்துரு முழுக்க லதா, 11 புள்ளி. உள்ளே 60க்கு மேல் லிங்க் இருக்கு: நன்கொடைப் பாரம், கோயிலுக்கு வரும் வழி மேப், போன வருஷத் தேர் வீடியோ. பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் போகும். 200 பிரதி போட்டோஸ்டேட் கடையில் கறுப்பு வெள்ளையில் அடிக்கணும்.

லிங்க் எல்லாம் கரும் மெரூனில் வேணும். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து நிறம் மாற்றி வந்தேன். பாதி வேலையில் பார்த்தால், புதிதாகப் போடுவது நீலமாகவே வருது, சோதனைக்குத் தட்டிப் பார்த்தது ஊதாவாகுது. இன்னொன்று, அடிக்கோடு தமிழ் எழுத்தின் வாலை வெட்டுது. "குழு" என்று ஒரு லிங்க், அதில் கோடும் எழுத்தும் சேர்ந்து சிக்கிக் கிடக்கு. மொத்தமாகச் சரிசெய்ய வழி உண்டா?

கித்தா

உண்டு. நிறம் லிங்க்கில் இல்லை, ஸ்டைலில் (நிறம், கோடு, எழுத்துரு எல்லாம் சேர்த்துப் பெயர் வைத்த தொகுப்பு) இருக்கு. வேர்ட் ஒவ்வொரு லிங்க்குக்கும் "ஹைப்பர்லிங்க்" என்ற எழுத்து ஸ்டைலைப் போர்த்திவிடும், தட்டிய பிறகு "ஃபாலோவ்ட் ஹைப்பர்லிங்க்" என்ற இன்னொன்றைக் காட்டும். நீங்க மாற்றியது போர்வைக்கு மேலே அடித்த சாயம். அதனால்தான் அடுத்த லிங்க் பழைய போர்வையோடேயே வருது.

கண்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+எஸ் அழுத்துங்க, ஸ்டைல்ஸ் பட்டை வலப்பக்கம் திறக்கும். அடியில் ஆப்ஷன்ஸ், அங்கே "ஆல் ஸ்டைல்ஸ்" தேர்வு செய்யுங்க. இதைச் செய்யாவிட்டால் ஃபாலோவ்ட் ஹைப்பர்லிங்க் பட்டியலில் தெரியாமல் போகலாம், பலர் தேடித் தேடி விட்டுவிடுவது இங்கேதான். ஹைப்பர்லிங்க் மேல் வலது கிளிக், மாடிஃபை. நிறப்பெட்டியில் மோர் கலர்ஸ், கஸ்டம், சிவப்பு 128, பச்சை 0, நீலம் 0. ஓகே. அதையே ஃபாலோவ்ட் ஹைப்பர்லிங்க்குக்கும் செய்யுங்க. இரண்டும் ஒரே நிறமானால் ஊதாத் தொல்லை தானாக ஒழியும்.

மாடிஃபை பெட்டியில் எழுத்துருவையும் அளவையும் தொடாதீங்க. இப்போது அந்த ஸ்டைலில் அளவு என்று ஒன்று கிடையாது, லிங்க் எந்தப் பத்தியில் இருக்கோ அதன் அளவை வாங்கிக்கும். நீங்க 11 என்று வைத்துவிட்டால் 9 புள்ளி அடிக்குறிப்பிலும் லிங்க் மட்டும் 11ல் நிற்கும், 16 புள்ளித் தலைப்பில் சுருங்கிக் கிடக்கும். நிறம், கோடு, அவ்வளவே.

பெட்டியின் அடியில் "இந்த ஆவணத்துக்கு மட்டும்", "இந்த டெம்ப்ளேட்டில் வரும் புது ஆவணங்களுக்கும்" என்று இரண்டு தேர்வு இருக்கும். மலருக்கு முதலாவது போதும்.

டிசைன் டேபில் கலர்ஸ், கஸ்டமைஸ் வழியாகவும் இரண்டு லிங்க் நிறத்தையும் மாற்றலாம். ஆனால் ஸ்டைல், தீம் (ஆவணம் முழுதுக்குமான நிறத் தொகுப்பு) தரும் நிறத்தைப் பிடித்திருக்கும் வரைதான் அது வேலை செய்யும். மேலே சொன்னபடி எண் போட்டு வைத்த பிறகு தீமை மாற்றினால் லிங்க் அசையாது. கோயில் கம்ப்யூட்டர், பையன் லேப்டாப் என்று கோப்பு சுற்றும் வேலைக்கு எண்தான் பத்திரம். 2013 முதல் இருந்த ஆபிஸ் தீமில் லிங்க் நீலம் 5, 99, 193. 2023ல் வந்த புது தீமில் அது 70, 120, 134. மலரின் ஒரு பகுதி பழைய வேர்டிலும் இன்னொன்று புதியதிலும் தொடங்கியிருந்தால் இரண்டு நீலம் வருவது இதனால்.

செம்பனை

நன்றி அண்ணே. புது லிங்க் மெரூனில் வருது. ஆனால் நான் கையால் மாற்றியவை ஸ்டைலுக்கு அசையவில்லை. முதலில் ஒரு பிரகாசமான சிவப்பு வைத்திருந்தேன், அவை அப்படியே நிற்குது.

கித்தா

சாயம் போர்வைக்கு மேலே இருக்கு, அதுதான். கழுவணும் தம்பி.

கண்ட்ரோல்+எச், ஃபைண்ட் டேப். எழுதும் கட்டம் காலியாகவே இருக்கட்டும். மோர், ஃபார்மட், ஸ்டைல், ஹைப்பர்லிங்க். பிறகு "ஃபைண்ட் இன்" பொத்தானில் மெயின் டாகுமென்ட். எல்லா லிங்க்கும் ஒரே நேரத்தில் தேர்வாகும். பெட்டியை மூடி கண்ட்ரோல்+ஸ்பேஸ். இது கை நிறத்தோடு ஸ்டைலையும் சேர்த்துக் கழற்றிவிடும், லிங்க் சாதா எழுத்து மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம், முகவரி உள்ளே இருக்கு. வேறெங்கும் கிளிக் செய்யாமல், தேர்வு இருக்கும்போதே ஸ்டைல்ஸ் பட்டையில் ஹைப்பர்லிங்க்கை ஒருமுறை தட்டுங்க.

கண்ட்ரோல்+ஸ்பேஸுக்கு முன்னால் ஒன்று பாருங்க. லதாவைப் பத்தி ஸ்டைலில் வைத்தீங்களா, இல்லை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மேலே இருந்து போட்டீங்களா? இரண்டாவதாக இருந்தால் லதாவும் கழுவிக்கொண்டு போகும், லிங்க் மட்டும் வேறு எழுத்துருவில் வரும். நார்மல் ஸ்டைலை மாடிஃபை செய்து, ஃபார்மட், ஃபான்ட் போங்க. அங்கே "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்று தனிக் கட்டம் உண்டு. தமிழ் எழுத்துருவும் அளவும் அங்கே போகணும், மேலே உள்ள லத்தீன் கட்டத்தில் வைத்தது தமிழுக்குப் பிடிக்காது. கட்டமே காணோம் என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் போய்த் தமிழைச் சேர்த்து வேர்டை மூடித் திறங்க.

லயத்துவீடு

அடிக்கோட்டுக்கு என் பங்கு. ஆங்கிலத்தில் ஜி, ஒய் மாதிரி சில எழுத்துகள்தான் கோட்டுக்குக் கீழே இறங்கும். தமிழில் ழ, ர, ஞ என்று ஒரு பட்டாளமே இறங்கும், உகரம் ஏறினால் இன்னும் பல. வேர்டில் கோடு எழுத்தை ஒட்டியே ஓடும், இடைவெளி கூட்டும் வசதி கிடையாது. கோட்டை இளைக்க வைப்பதுதான் வழி: ஸ்டைல் மாடிஃபை, ஃபார்மட், ஃபான்ட், அடிக்கோடு வகையில் புள்ளிக்கோடு, அதன் நிறம் வெளிர் சாம்பல். எழுத்து மெரூன், கோடு சாம்பல் என்று தனித்தனி நிறம் வைக்கலாம். "குழு" வாசிக்கக் கிடைக்கும். கோட்டையே எடுத்துவிடலாமா என்றால், கறுப்பு வெள்ளைப் பிரதியில் லிங்க் எது, சாதா எழுத்து எது என்று தெரியாது. நான் எடுக்க மாட்டேன்.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இது இன்னும் அழகாக வரும். எஃப்11, எழுத்து ஸ்டைல்கள், "இன்டர்நெட் லிங்க்", எடிட். அடிக்கோட்டை நிறுத்திவிட்டு பார்டர்ஸ் டேபில் கீழ்ப்பக்கக் கோடு மட்டும் போட்டு, உள்ளடக்கத்துக்கும் கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி கொடுங்க. கோடு வாலுக்குக் கீழே போய்விடும். தட்டிய லிங்க்குக்கு "விசிட்டட் இன்டர்நெட் லிங்க்". அங்கே இன்னொரு வசதி, ஒரு லிங்க்கைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட், கேரக்டர், ஹைப்பர்லிங்க் டேப் போனால் அந்த ஒன்றுக்கு மட்டும் வேறு ஸ்டைல் கொடுக்கலாம். பொருளடக்கத்து லிங்க் "இன்டெக்ஸ் லிங்க்" என்ற வேறு ஸ்டைலில் இருக்கும், அதனால் பொருளடக்கம் இந்த மாற்றத்தில் மாட்டாது.

இதற்காக வேர்ட் மலரை ரைட்டரில் திறந்து வேலை செய்யாதீங்க, விளம்பரப் பெட்டிகள் இடம் மாறும்.

செம்பனை

லதா போகவில்லை, கோடும் சாம்பலாச்சு. 9 லிங்க் மட்டும் இன்னும் சிவப்பு. எல்லாம் விளம்பரப் பக்கத்தில்.

கித்தா

விளம்பரம் டெக்ஸ்ட் பாக்ஸில்தானே இருக்கு? மெயின் டாகுமென்ட் என்றால் பெட்டிக்குள் தேடாது லா. அதே "ஃபைண்ட் இன்" பட்டியலில் டெக்ஸ்ட் பாக்ஸ், அடிக்குறிப்பு, பக்கத்தின் ஹெடர் ஃபூட்டர் என்று தனித்தனியாக வரும். ஒவ்வொன்றிலும் ஒருமுறை செய்யுங்க.

அப்படியும் ஒன்றிரண்டு மிஞ்சினால் ஆல்ட்+எஃப்9. நிஜ லிங்க் எல்லாம் நெளிவு அடைப்புக்குறிக்குள் முகவரியோடு விரிந்து நிற்கும். விரியாமல் வண்ணமாக மட்டும் நிற்பது லிங்க்கே இல்லை, யாரோ சாயம் பூசி அடிக்கோடு போட்ட எழுத்து. விளம்பரத்தை வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது இது நடக்கும். கண்ட்ரோல்+கே போட்டு முகவரி கொடுங்க. பார்த்து முடித்ததும் மறுபடி ஆல்ட்+எஃப்9, மறந்தால் பக்கம் 44 என்பது 50ஐத் தாண்டித் தெரியும்.

லயத்துவீடு

அச்சுக்கு இரண்டு விஷயம். மெரூன் தேர்வு நல்லது. 128, 0, 0 சாம்பலானால் ஏறக்குறைய 85 சதவீதக் கறுப்பு, எழுத்து திடமாக நிற்கும். வேர்டின் பழைய நீலம் 68 சதவீதம், ஊதா 60க்குக் கீழே. அந்த அளவில் மெஷின் சாம்பலைப் புள்ளிபுள்ளியாக அடிக்கும், 11 புள்ளித் தமிழ் எழுத்தின் மெல்லிய வளைவு பிசிறாகிவிடும். அந்தப் பிரதியை வைத்து மறுபிரதி எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

பிடிஎஃப் எடுக்கும்போது பிரின்ட் போய் "மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்" தேர்வு செய்யாதீங்க. அது தாளில் அடிப்பது மாதிரி, பார்க்க லிங்க், தொட்டால் ஒன்றுமில்லை. ஃபைல், சேவ் ஆஸ், பிடிஎஃப். அப்போதுதான் லிங்க் உயிரோடு போகும். கடைக்கும் அதே பிடிஎஃப்பைக் கொடுங்க, வேர்ட் கோப்பை அல்ல. விண்டோஸ் 10 முதல் லதா தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பில்தான் வரும், கடைக் கம்ப்யூட்டரில் அது இல்லாவிட்டால் வரி உடைந்து பக்கம் தள்ளிப்போகும்.

"இங்கே அழுத்தவும்" என்று எழுதிய லிங்க் எத்தனை இருக்கு என்றும் பாருங்க. தாளை அழுத்தினால் எதுவும் திறக்காது. நன்கொடைப் பாரத்துக்காவது முகவரியைச் சுருக்கி எழுத்திலேயே போடுங்க, இல்லாவிட்டால் பக்கத்தில் 2 சென்டிமீட்டர் கியூஆர் கட்டம் வையுங்க.

செம்பனை

"இங்கே அழுத்தவும்" 14 இருக்கு. மாத்திட்டு வர்றேன்.