அனைத்துலகச் செய்திகளுக்கு எதை நம்பிப் பார்ப்பது, கேட்பது, படிப்பது?

பட்டர்வொர்த் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கட்டணத் தொலைக்காட்சிச் சந்தாவை நிறுத்திவிட்டோம். இப்போது மலேசிய அரசின் ஆர்டிஎம் அலைவரிசைகளும் இணையமும் கைப்பேசியும்தான் இருக்கின்றன. உள்நாட்டுச் செய்திக்கு இவை போதும். அனைத்துலகச் செய்திக்குத்தான் எதை நம்புவது என்று தெரியவில்லை. என் மாமனாருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். காலையில் மின்னல் எஃப்எம் செய்தியைக் கேட்பார். பிறகு நாள் முழுவதும் உறவினர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வருவதைப் பார்ப்பார்.

2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது, கராச்சித் துறைமுகமே அழிக்கப்பட்டுவிட்டதாக இந்தியத் தொலைக்காட்சிகள் சில அறிவித்தன. அந்தத் துண்டுக் காணொளிகள் இரவோடிரவாக எங்கள் குழுவிலும் நிறைந்துவிட்டன. அப்படி எதுவுமே நடக்கவில்லை என்பது பின்னர் தெளிவானது. அன்றிலிருந்து மாமா, "பெரிய பெரிய தொலைக்காட்சியே பொய் சொன்னால் யாரைத்தான் நம்புவது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு ஆங்கிலமும் மலாயும் படிக்க வரும். கூடுதல் கட்டணம் இல்லாமல், முடிந்தவரை தமிழிலும் கிடைக்கக்கூடிய வழிகளைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

செந்தூல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

சகோதரி, எந்த அலைவரிசை என்று பார்ப்பதற்கு முன், அந்தச் செய்தி அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று பார்ப்பது நல்லது. உலகின் பெரும்பாலான நாளிதழ்களுக்கும் வானொலிகளுக்கும் வெளிநாடுகளில் சொந்தச் செய்தியாளர்கள் கிடையாது. அவை பெரும்பாலும் மூன்று செய்தி நிறுவனங்களிடம் செய்தியை வாங்குகின்றன: 1846-இல் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ், 1851-இல் லண்டனில் தொடங்கிய ராய்ட்டர்ஸ், பிரான்சின் ஏஎஃப்பி. நம் நாட்டில் 1968-இல் இயங்கத் தொடங்கிய பெர்னாமாவும் வெளிநாட்டுச் செய்திகளுக்குப் பெருமளவு பிற நிறுவனங்களைச் சார்ந்தே இருக்கிறது. ஆகவே தமிழில் நாம் கேட்கும் ஒரு செய்தி, மூன்று நான்கு கைகள் மாறி வந்த செய்தியாகவே பெரும்பாலும் இருக்கும்.

கராச்சிச் செய்தியை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். அந்த நகரத்தில் மேற்சொன்ன நிறுவனங்களுக்குச் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய துறைமுகம் தாக்கப்பட்டிருந்தால் சில நிமிடங்களில் ஒருவராவது எழுதியிருப்பார். ஒரு நாட்டின் அலைவரிசைகள் மட்டும் முழங்க, அந்த ஊரிலேயே இருப்பவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், அந்த மௌனமே போதுமான எச்சரிக்கையாகும்.

அசோசியேட்டட் பிரஸ் தன் இணையத்தளத்தைக் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. அதில் செய்தியின் தொடக்கத்தில் இருக்கும் ஊரின் பெயரை முதலில் பாருங்கள். அது கராச்சியா, புதுடில்லியா, வாஷிங்டனா என்பதைப் பொறுத்துச் செய்தியின் எடை மாறும். அடுத்ததாக, "அதிகாரிகள் கூறினர்", "எங்கள் செய்தியாளர் நேரில் கண்டார்", "சுயேச்சையாக உறுதிப்படுத்த இயலவில்லை" என்ற மூன்றையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. தமிழாக்கத்தில் முதலில் காணாமல் போவது இந்தச் சொற்றொடர்கள்தான். நேர நெருக்கடியில் இவற்றை வெட்டும் பழக்கம் என் தொழிலில் உண்டு என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

ஜோர்ஜ்டவுன் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

தொலைக்காட்சியைப் பற்றி நான் சொல்கிறேன். அல் ஜசீரா ஆங்கிலம், டாய்ச்ச வெல்ல, பிரான்ஸ் 24, சிங்கப்பூரின் சிஎன்ஏ ஆகிய நான்கையும் யூடியூபில் நேரலையாகக் கட்டணமின்றிப் பார்க்கலாம். இவற்றில் எது நடுநிலையானது என்று கேட்பதைவிட, எதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்பதே பயன் தரும்.

அல் ஜசீராவுக்குக் கத்தார் அரசு பணம் தருகிறது. அதன் ஆங்கில அலைவரிசை 2006 நவம்பர் 15-இல் தொடங்கியபோது டோஹா, லண்டன், வாஷிங்டன் ஆகியவற்றுடன் நம் கோலாலம்பூரும் அதன் நான்கு ஒளிபரப்பு மையங்களில் ஒன்றாக இருந்தது. மேற்காசியாவையும் ரோஹிங்யா மக்களின் நிலையையும் அது விரிவாகக் காட்டும். கத்தாரின் சொந்த விவகாரங்களுக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சிஎன்ஏ, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிற்குச் சொந்தமான மீடியாகார்ப்பின் அலைவரிசை. இந்தோனேசியாவையும் தாய்லாந்தையும் பற்றி அறிய அதைவிடப் பொருத்தமானது ஆங்கிலத்தில் குறைவு என்பது என் கருத்து. டாய்ச்ச வெல்லவுக்கு ஜெர்மானிய அரசும் பிரான்ஸ் 24-க்குப் பிரெஞ்சு அரசும் பணம் தருகின்றன. சீனாவின் சிஜிடிஎன், ரஷ்யாவின் ஆர்டி இரண்டையும் அந்த அரசுகள் என்ன சொல்ல விரும்புகின்றன என்று அறிவதற்காகப் பார்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பணம் கொடுப்பவர் கதவையே சாத்திவிடவும் முடியும்: 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் ஓர் உத்தரவைத் தொடர்ந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஊழியர்களில் பெரும்பாலோர் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள்.

தவறு வெளிப்பட்டபின் ஒரு நிறுவனம் என்ன செய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஈராக் போருக்கு முந்திய தன் செய்திகள் போதிய கண்டிப்புடன் சரிபார்க்கப்படவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26-இல் தானே அச்சிட்டது. அதிபர் டிரம்ப்பின் பழைய உரையொன்றைத் தவறாகத் தொகுத்துக் காட்டிய விவகாரத்தில், பிபிசியின் தலைமை இயக்குநரும் செய்திப் பிரிவுத் தலைவரும் 2025 நவம்பரில் பதவி விலகினார்கள். இவற்றைக் காட்டி அந்நிறுவனங்களை நம்பக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. என் கணக்கு நேர்மாறானது. கராச்சியை அழித்துக் காட்டிய அலைவரிசைகளில் எத்தனை பேர் பதவி விலகினார்கள் என்று யாராவது சொல்லட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் கருத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. நெருக்கடி நேரத்தில் நேரலைத் தொலைக்காட்சி, அது யாருடையதாக இருந்தாலும், மிகவும் நம்பத்தகாத ஊடகம். நிரப்ப வேண்டிய நேரம் அதிகம், தெரிந்த விவரம் குறைவு என்ற நிலையில் ஊகம்தான் அந்த இடைவெளியை நிரப்பும். 2023 அக்டோபர் 17-இல் காசாவின் அல் அஹ்லி மருத்துவமனையில் வெடிப்பு நிகழ்ந்தபோது, முதல் சில மணி நேரத்தில் பெரிய நிறுவனங்களே ஒரு தரப்பின் கூற்றைத் தலைப்பாக்கின. தன் முதற்கட்டச் செய்திகள் ஹமாசின் கூற்றை அளவுக்கு மீறிச் சார்ந்திருந்தன என்று நியூயார்க் டைம்ஸ் ஆறு நாள் கழித்து எழுதியது. மறுநாள் எழுத்தில் படிப்பவருக்கு எந்த நட்டமும் இல்லை என்றே நினைக்கிறேன். மலேசியாவில் அமர்ந்திருக்கும் நமக்கு அப்படி என்ன அவசரம்?

உங்கள் மாமனார் வானொலி கேட்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன். 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலி ஒலிபரப்பு, தமிழோசை என்ற பெயரில் பலருக்கும் பழக்கமானது, 2017 ஏப்ரல் 30-உடன் நின்றுவிட்டது. பிபிசி தமிழ் இப்போது இணையத்தளத்திலும் யூடியூபிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பெரியவருக்குத் தமிழில் அனைத்துலகச் செய்தி வேண்டுமென்றால் நான் முதலில் அதைத்தான் பரிந்துரைப்பேன். உங்களுக்கு, வார நாள்களில் நாளுக்கு இருமுறை வெளிவரும் பிபிசி உலக சேவையின் ஆங்கிலச் செய்தி வலையொலி, சமைத்துக்கொண்டே கேட்கப் பொருத்தமாக இருக்கும்.

ஆனால் தமிழில் மட்டும் செய்தி அறிபவருக்கு உலகம் மிகவும் சுருங்கிவிடும் என்பதை மறைக்க முடியாது. இந்தியா, இலங்கை, அமெரிக்க அதிபர், ஏதேனும் ஒரு போர் என்பதோடு முடிந்துவிடுகிறது. 2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட போர் இலட்சக்கணக்கானோரை இடம்பெயரச் செய்த பிறகும், அதைப் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதுபவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பட்டர்வொர்த் வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மறுநாள் படிப்பது எனக்குச் சரியாக வரும், மாமாவுக்கு வராது. காணொளி அவர் கைக்கு வந்த அந்த நேரத்திலேயே, "இது உண்மையா?" என்று என்னைக் கேட்பார். சபெனார்ஞா தளத்தில் தேடினால் போதுமா?

செந்தூல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

சபெனார்ஞா நம் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017 மார்ச்சில் தொடங்கிய தளம். உதவித்தொகை, மருத்துவமனை, சாலை மூடல் போன்ற உள்நாட்டு வதந்திகளுக்கு அது பயன்படும். அமைச்சுகளின் மறுப்பை அங்கே விரைவில் காணலாம். வெளிநாட்டுப் போர்க் காணொளிகளுக்கு ஏஎஃப்பியின் உண்மை சரிபார்ப்புப் பக்கத்தைப் பாருங்கள். மலாய் மொழியிலும் அவர்கள் வெளியிடுகிறார்கள்.

அதற்கும் முன்பாக நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காணொளியை ஓரிடத்தில் நிறுத்தித் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து, அதைக் கூகுள் லென்சில் போட்டுத் தேடுங்கள். கிடைக்கும் முடிவுகளில் மிகப் பழைய தேதியைக் கண்டுபிடிப்பதே நோக்கம். அந்த மே மாதத்தில் கணினி விளையாட்டுக் காட்சிகளும் பழைய போர்களின் காணொளிகளும் புதியவை போல உலவின. அதே படம் சில ஆண்டுகளுக்கு முன்பே வேறெங்கோ வெளியாகியிருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. பழைய பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் காணொளி உண்மையாகிவிடாது. அப்போது கடைப் பெயர்ப்பலகை, வாகன எண், பேசும் மொழி ஆகியவை சொல்லப்படும் ஊருக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில் உங்களைவிட உங்கள் மாமாவுக்குத்தான் பொறுமை அதிகம் இருக்கும். தேடுவதை அவரிடமே விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் வரும் முடிவுகளை மட்டும் நீங்கள் படித்துச் சொன்னால் போதும்.