லேத் பட்டறையிலிருந்து மறுபடி மைக்ரோஸ்கோப்புக்கு: எரிக் பெட்ஸிக் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: கோவை_பட்டறை

வணக்கம். எனக்கு 30 வயது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவன். கடைசி செமஸ்டரில் ரோடமின் சாயத்தின் ஒளிர்வை அளப்பதுதான் என் புராஜெக்ட். இருட்டறையில் பச்சை லேசரை விட்டதும் அந்தக் குப்பிக்குள் ஆரஞ்சு நிறம் எழும்பி நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பிஎச்.டி.க்கு விண்ணப்பம் போட்டிருந்த நேரத்தில் அப்பாவுக்கு பைபாஸ் ஆனது. அன்றிலிருந்து ஆறு வருஷமாக எங்கள் பட்டறையை நான்தான் பார்க்கிறேன். இரண்டு லேத், ஒரு சிஎன்சி, பெரும்பாலும் பம்ப் ஷாஃப்ட் ஜாப் ஒர்க். இப்போது தம்பி கை கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

2014இல் வேதியியல் நோபல் வாங்கிய எரிக் பெட்ஸிக்கும் நடுவில் சில வருஷம் அப்பாவின் மெஷின் கம்பெனியில் இருந்தார் என்று கூடப் படித்தவன் ஒருவன் சொன்னான். நிஜமா? அங்கே என்ன செய்தார், எப்படித் திரும்பி வந்தார்? எனக்கு ஆறுதல் வேண்டாம். நடந்தது நடந்தபடி தெரிய வேண்டும்.

பதில் 1: இருட்டறை_அக்கா

நிஜம்தான் தம்பி. பதினோரு வருஷமாக ஓர் ஆய்வு நிலையத்தில் ஒளிர்வு மைக்ரோஸ்கோப் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் கண்டுபிடித்த முறையில்தான் வாரத்தில் மூன்று நாள் படம் எடுக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

பெட்ஸிக் 1960இல் மிச்சிகனில் ஆன் ஆர்பரில் பிறந்தவர். கால்டெக்கில் இயற்பியல், கார்னெலில் 1988இல் முனைவர் பட்டம், அங்கிருந்து நேராக அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகமான பெல் லேப்ஸ். ஒளியைக் கொண்டு ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே எதையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று 1873இல் எர்ன்ஸ்ட் அபே சொல்லிவிட்டார். புரதங்களோ சில நானோமீட்டர் அளவுதான். அந்த எல்லையைத் தாண்ட பெட்ஸிக் முதலில் பிடித்த வழி, கண்ணாடி இழையை ஊசிபோல் இழுத்து, அலுமினியம் பூசி, நுனியில் ஒரு நுண்துளை விட்டு, அதைப் பொருளின் மேல் உரசாத குறையாக நகர்த்துவது. நல்ல படங்கள் வந்தன. 1993இல் தனி மூலக்கூறுகளையே பார்த்தார். ஆனால் உயிருள்ள செல் மேடும் பள்ளமுமாக, ஈரமாக இருக்கும். அந்த ஊசி அங்கே எடுபடாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் துறையில் கிளம்பிய மிகையான பேச்சும் பிடிக்கவில்லை. வேலையை விட்டார்.

கொஞ்ச காலம் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைத் தள்ளுவண்டியில் வைத்து நடந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கார்த்திகை அன்று எதிர்க் குன்றில் ஆயிரம் அகல் எரிந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரே வெளிச்சப் பூச்சுதான் தெரியும். ஒரு விளக்கு எரிந்து அணைந்த பிறகு அடுத்தது எரிந்தால் ஒவ்வொன்றின் இடத்தையும் காகிதத்தில் குறித்துவிடலாம். மூலக்கூறுகளையும் அப்படிப் பிரித்துப் பார்க்க ஏதாவது ஒரு பண்பு கிடைத்தால் போதும். இதை 1995இல் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். ஆனால் செல்லுக்குள் விளக்குகளை அப்படி முறைவைத்து ஏற்றி அணைக்க அப்போது அவர் கையில் எதுவும் இல்லை. கட்டுரையை அச்சில் விட்டுவிட்டு அப்பாவின் ஆன் ஆர்பர் மெஷின் கம்பெனிக்குப் போய்விட்டார்.

நீ கேட்ட இடம் இதுதான். அங்கே அவர் கணக்கு எழுதிக்கொண்டிருக்கவில்லை. நான்கு டன் எடையை, புவியீர்ப்பைப் போல எட்டு மடங்கு முடுக்கத்தில் நகர்த்தி, ஐந்து மைக்ரான் துல்லியத்தில் நிறுத்தும் ஹைட்ராலிக் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். உனக்கு இதன் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும். இயந்திரம் அருமையாக வேலை செய்தது. விற்றது இரண்டே இரண்டு. அப்பாவின் பணம் நிறையக் கரைந்தது. 2002 வாக்கில் அதையும் விட்டார்.

நாற்பதைத் தாண்டியவர், கையில் வேலை இல்லை, ஏழெட்டு வருஷமாக அறிவியல் கட்டுரை இல்லை. அப்போது பெல் லேப்ஸ் நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸிடம் போனார். இருவரும் தேசியப் பூங்காக்களில் நடந்துகொண்டே இனி என்ன செய்வது என்று பேசினார்கள். 2005 ஏப்ரலில் ஃப்ளோரிடாவின் டல்லஹாசியில் மைக்கேல் டேவிட்சன் என்பவரைப் பார்க்கப் போன இடத்தில், ஊதா ஒளி பட்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் பச்சைப் புரதம் இருக்கிறது என்று தெரியவந்தது. ஜார்ஜ் பேட்டர்சன், ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் என்ற உயிரியலாளர்கள் 2002லேயே அதைச் செய்து வைத்திருந்தார்கள். ஊதாவை மிகக் கொஞ்சமாக விட்டால் நாலைந்து விளக்கு மட்டும் எரியும். படம் எடுத்து, எரிந்து தீரவிட்டு, மறுபடி கொஞ்சம் ஊதா. பத்து வருஷமாகக் காத்திருந்த அகல் அதுதான்!

இருவரும் சொந்தப் பணத்தைப் போட்டு, லா ஹோயாவில் ஹெஸ் வீட்டுக் கூடத்திலேயே கருவியைக் கட்டினார்கள். உயிரியல் இருவருக்குமே தெரியாது. லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் தன் இருட்டறையைத் திறந்துவிட்டார். 2006 ஆகஸ்டில் கட்டுரை வெளிவந்தது. அதே வருஷம் ஹார்வர்டில் ஷியாவ்வெய் ஜுவாங்கும், மெய்னில் சாமுவேல் ஹெஸ்ஸும் (இவர் வேறு ஹெஸ்) ஏறக்குறைய இதே வழியை வெளியிட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் அவர் பின்னால் வந்தவராக ஆகியிருப்பார்.

பதில் 2: பழைய_ஆய்வாளர்

அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தம்பி கேட்டது நடந்தது நடந்தபடி என்பதால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெட்ஸிக் பட்டறைக்குப் போகும்போதே முனைவர் பட்டம் வாங்கி, பெல் லேப்ஸில் பெயரெடுத்துவிட்டார். கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருந்தது.

அந்தப் பச்சைப் புரதத்துக்கு மூலமான புரதத்தின் மரபணுவை 1992இல் பிரித்தெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். நிதி தீர்ந்ததும், மரபணுவை மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் கொடுத்துவிட்டு அந்த ஆய்வை விட்டார். 2008இல் அவர்கள் இருவருக்கும் ஒசாமு ஷிமோமுராவுக்கும் நோபல் கிடைத்தபோது, பிராஷர் அலபாமாவில் ஹண்ட்ஸ்வில்லில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியெனும் தங்கள் செலவில் அவரை ஸ்டாக்ஹோம் அழைத்துப் போனார்கள். பிறகு சியெனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் திறமையில் குறைந்தவர் இல்லை. அவர் மரபணு இல்லாவிட்டால் பெட்ஸிக்குக்கு விளக்கே இல்லை. ஒருவர் திரும்பி வந்த கதையை மட்டும் பார்த்துத் தம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பதில் 3: இருட்டறை_அக்கா

பிராஷரை நான் சொல்லாமல் விட்டது தப்பு. நன்றி ஐயா. எனக்கும் அவரை நினைத்தால் மனம் கனக்கும்.

தம்பி, உனக்கு முனைவர் பட்டம் இல்லை, அந்தப் பெயரும் இல்லை. ஆனால் இந்தத் துறையில் ஆள் கிடைக்காமல் திண்டாடும் வேலை ஒன்று உன் கையில் இருக்கிறது. விளக்கின் திட்டு 100 நானோமீட்டர் பரவியிருந்து, 100 ஃபோட்டான் (ஒளித்துகள்) கிடைத்தால், அதன் மையத்தை ஏறக்குறைய 10 நானோமீட்டருக்குள் சொல்லலாம். வர்க்கமூலக் கணக்கு: பரவலை ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அந்த 10 நானோமீட்டர் நிலைக்க வேண்டும் என்றால் செல்லை வைக்கும் மேடை அசையக் கூடாது. 100 மில்லிமீட்டர் இரும்பு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மைக்ரானுக்கு மேல் நீளும். அதாவது 1000 நானோமீட்டர்! புதிதில் ஒருமுறை இரவு முழுக்கப் படம் எடுத்தேன். காலையில் பார்த்தால் செல்லின் ஓரமெல்லாம் ஒரே பக்கமாகக் கோடு இழுத்திருந்தது. லேசரைச் சந்தேகப்பட்டேன், சாயத்தைச் சந்தேகப்பட்டேன், மூன்று வாரம் போனது. கடைசியில் பார்த்தால், ஏசி நின்று நின்று ஓடியதில் மேடை நகர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு லேத்காரர் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

அதனால் முதலில் பிஎச்.டி. என்று ஓடாதே. மைக்ரோஸ்கோப் கட்டும் குழு எதிலாவது புராஜெக்ட் வேலைக்கு எழுது. கடிதத்தில் ஷாஃப்ட் வேலையை ஒளிக்காதே, முதல் பத்தியிலேயே எழுது. அதுவரை இரவில் ஃபிஜி என்ற பட மென்பொருளில், ஒவ்வொரு விளக்கின் இடத்தையும் கணக்கிடும் தண்டர்ஸ்டார்ம் என்ற துணை நிரலைப் போட்டுப் பழகு. இரண்டும் இலவசம். தனி மூலக்கூறு படத் தொகுப்புகளும் பொதுவில் கிடைக்கின்றன. செல் வளர்ப்பை மட்டும் யாரிடமாவது பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். அதில் நான் இன்னும் திணறுகிறேன்.

கோவை_பட்டறை

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. இரண்டு கதையையும் அப்பாவிடம் சொன்னேன். நான்கு டன், ஐந்து மைக்ரான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டுதான் விற்றது என்றதும் அந்த அப்பாவை நினைத்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எழுதிப் போடு" என்றார்.

நேற்று இரவு தண்டர்ஸ்டார்ம் ஓட்டினேன். மங்கலான பூச்சிலிருந்து இழை இழையாகப் பிரிந்து வந்தது. மணி இரண்டாகிவிட்டது, தூக்கம் வரவில்லை.

ஒரு சந்தேகம் அக்கா. உங்கள் மேடை எந்த உலோகம்? அலுமினியம் என்றால் இரும்பைப் போல இரண்டு மடங்கு நீளுமே. தாங்கும் பகுதியை மட்டும் சூட்டில் அவ்வளவாக நீளாத இன்வார் உலோகக் கலவையில் கடைந்து போட்டுப் பார்த்தீர்களா?

இருட்டறை_அக்கா

அலுமினியம்தான். இதுவரை யாரும் கேட்டதில்லை. மேடையின் அளவுகளை ஞாயிற்றுக்கிழமை எடுத்து அனுப்புகிறேன்.