கறுப்பு வெள்ளி: மையா, போலீஸா?

பிலடெல்ஃபியாக்காரன்: நேற்று இங்கே ஒருவர் அளந்துவிட்டுப் போயிருக்கிறார். அமெரிக்கக் கடைகள் வருடம் முழுக்க நட்டத்தில், அதாவது சிவப்பு மையில் ஓடுமாம். நவம்பர் வியாழனில் வரும் நன்றி நவிலல் பண்டிகைக்கு மறுநாள், தள்ளுபடி விற்பனை வெள்ளியன்றுதான் கறுப்பு மைக்கு, லாபத்துக்கு வருமாம். அதனால் கறுப்பு வெள்ளியாம். பத்து மாதம் நட்டத்தில் ஓடும் கடை நவம்பரில் திறந்தா இருக்கும்? அது எங்கள் ஊர் டிராஃபிக் போலீஸ் எரிச்சலில் வைத்த பெயர் ஐயா. அப்போதெல்லாம் வியாழன் விருந்து, சனி ராணுவம்-கடற்படை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், நடுவில் வெள்ளியன்று ஊரே கடைத்தெருவில். போலீஸுக்கு லீவே கிடைக்காது.

கணக்குப்பிள்ளை: அந்த 'ஒருவர்' நான்தான். இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எந்த மை எதற்கென்று எனக்கே பாடமா?

பிலடெல்ஃபியாக்காரன்: மையைப் பற்றி யார் கேட்டது? பெயரைப் பற்றிப் பேசுகிறேன். மைக்கதை 1980களில் பரவியது. 1961லேயே எங்கள் ஊர் வியாபாரிகள் 'கறுப்பு' அபசகுனம் என்று பெயரைப் 'பெரிய வெள்ளி' என மாற்றப் பார்த்தார்கள். எடுபடவில்லை.

எடிசன் அக்கா: பெரிய வெள்ளி ஈஸ்டருக்கு முந்தி வருவது தம்பி. சிலுவையில் அறைந்த நாளில் டிவி தள்ளுபடியா?

பிலடெல்ஃபியாக்காரன்: அக்கா, 'பிக் ஃப்ரைடே'யை நான் மொழிபெயர்த்தேன்!

கணக்குப்பிள்ளை: மொழிபெயர்ப்பே இந்த லட்சணம். வரலாறு எப்படி இருக்கும்?

குளிர்காய்பவன்: பெயர் கிடக்கட்டும், பண்டிகையே கடைக்காரர்கள் கையில்தானே? 1939 நவம்பரில் ஐந்து வியாழன். விற்பனை நாள் குறைகிறது என்று அவர்கள் முனக, அதிபர் ரூஸ்வெல்ட் கடைசி வியாழனான 30ஆம் தேதி வரவேண்டிய நன்றி நவிலலை 23க்கு முன்னே கொண்டுவந்தார். சில மாநிலங்கள் மாட்டேன் என்று 30லேயே கொண்டாடின. நான்காவது வியாழன் என்று சட்டம் வந்தது 1941இல்.

பிலடெல்ஃபியாக்காரன்: நல்ல தகவல். ஆனால் பெயர் போலீஸ் வைத்தது.

கணக்குப்பிள்ளை: போன வருடம் நன்றி நவிலல் விருந்துக்கான பதினாறு பவுண்டு வான்கோழியை முந்தின நாள் ராத்திரி ஃப்ரீசரிலிருந்து எடுத்துவைத்தவர்தானே நீங்கள்? வெளியே கருகி, உள்ளே கத்தி இறங்காமல் ஐஸ். நாலு நாள் முன்பே ஃப்ரிட்ஜில் இறக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

பிலடெல்ஃபியாக்காரன்: வான்கோழிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எடிசன் அக்கா: அன்றைக்கு நான் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைத்தான் எல்லோரும் சாப்பிட்டீர்கள். பாத்திரம் இன்னும் திரும்பி வரவில்லை.

கணக்குப்பிள்ளை: சிவப்பு மை நட்டம், கறுப்பு மை லாபம். அவ்வளவுதான்.

பிலடெல்ஃபியாக்காரன்: போலீஸ்.