யாழ்ப்பாணத்தில 25 வீத வாக்குக்கு 3 ஆசனம் எப்பிடி?

கொக்குவில் பெடியன்:
2024 பாராளுமன்றத் தேர்தல் முடிவைத் திருப்பிப் பாத்துக்கொண்டிருந்தன், ஒண்டு மட்டும் மண்டைக்குள்ள ஏறுதேயில்லை. யாழ் மாவட்டத்தில திசைகாட்டிச் சின்னத்துக்கு (தேசிய மக்கள் சக்தி) 80,830 வாக்கு, 24.85 வீதம்தான், ஆனா 6 ஆசனத்தில 3. வீட்டுச் சின்னத்துக்கு (தமிழரசுக் கட்சி) 63,327 விழுந்தும் ஒண்டே ஒண்டு. இதுக்குப் பேர் விகிதாசாரமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கணக்கு வாத்தி:
தம்பி, கள்ளம் ஒண்டும் இல்லை, கல்குலேட்டரை எடும். முதலாவதா வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம், அது போக 5. பிறகு 5 வீதத்துக்குக் கீழ எடுத்தவையின்ர வாக்கெல்லாத்தையும் கழிப்பினம், அப்பிடிப் போனதே 80 ஆயிரத்துக்கு மேல. மிச்சம் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம், 5ஆல பிரிச்சா 48 ஆயிரம் சொச்சம். அவ்வளவு வாக்கு முழுசா வச்சிருந்தது திசைகாட்டியும் வீடும்தான், ஆளுக்கு ஒண்டு. இன்னும் 3 கிடக்கு, அது ஆருக்கு மிச்ச வாக்கு கூடவோ அவைக்கு. திசைகாட்டிக்கு 32 ஆயிரம் சொச்சம் மிச்சம், சைக்கிள் (தமிழ்க் காங்கிரஸ்) 27,986, சுயேச்சைக்குழு 17க்கு 27,855. வீட்டுக்கு மிஞ்சினது 15 ஆயிரம்தான், சங்கு (ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி) 22 ஆயிரத்தோட வாசல்ல நிண்டிட்டுது.

கொக்குவில் பெடியன்:
அப்ப போனஸ் இல்லாட்டி?

கணக்கு வாத்தி:
திசைகாட்டிக்கு 2, வீட்டுக்கும் 2. போனஸ் அப்பிடியே இருக்க, 5 வீத வெட்டை மட்டும் தூக்கினாலும் திசைகாட்டிக்கு 2தான், சங்கு உள்ள வந்திருக்கும். 1988க்கு முதல் வெட்டுப்புள்ளி 12.5 வீதம், அது அப்பிடியே இருந்திருந்தா திசைகாட்டியும் வீடும் மட்டும்தான் மிஞ்சும் 😄

பழசு:
விகிதாசாரத்தைத் திட்டுற பிள்ளையள் 1977ஐ ஒருக்கா பாருங்கோ. தொகுதி முறை. யூஎன்பி (ஐக்கிய தேசியக் கட்சி) பாதி வாக்குக்குக் கொஞ்சம் கூட எடுத்து 168 இல 140 ஆசனம். சுதந்திரக் கட்சி கிட்டத்தட்ட 30 வீதம் எடுத்து 8, எங்கட தமிழர் விடுதலைக் கூட்டணி 7 வீதம் கூட இல்லை, 18 ஆசனம், அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். அப்ப எங்கட பக்கம் ஒருத்தரும் கணக்குப் பிழையெண்டு கத்தினதா ஞாபகமில்லை.

சுன்னாகத்தாள்:
போனஸில எனக்கும் கோவம்தான், கால்வாசி வாக்கோட முதல் வந்தவைக்கு எதுக்குப் பரிசு? ஆனா 6 ஆசனத்துக்கு 44 பட்டியல், பட்டியலுக்கு 9 பேர், 396 வேட்பாளர். அம்மா சின்னத்தைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள பின்னுக்கு நிண்ட ஆக்கள் முணுமுணுக்கத் தொடங்கிட்டினம். ஆளாளுக்கு ஒரு கடை திறந்தா 5 வீதம் எங்கால வரும்?

கொக்குவில் பெடியன்:
விளங்கிட்டுது வாத்தி, நன்றி. எங்கட வீட்டில 4 வாக்கு, 4 சின்னம். ரெண்டு அந்த 80 ஆயிரத்துக்குள்ள போட்டுது, அதில ஒண்டு என்ர 🤦